முத்திரையின் மேல் சந்தனம்

என் மகள் கடைசி முறையாக அரசுத் தேர்வு எழுதப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளுடைய ஹால் டிக்கெட்டுக்கு நான் சந்தனப் பொட்டு வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எதுவும் வாசலைத் தாண்டாது. புது மிக்சி வந்தாலும் பொட்டு, சைக்கிளுக்கு டயர் மாற்றினாலும் பொட்டு. நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். மண்ணைத் தோண்டுகிற அத்தனை பெரிய இயந்திரத்துக்கே ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்துக் கும்பிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஒரு காகிதத்துக்கு வைத்தால் என்ன என்று வைத்துவிட்டேன்.

"அப்பா! பார் கோடு மேலயே வெச்சிருக்கியே! இத எப்பிடி ஸ்கேன் பண்ணுவாங்க?"

"சாமி சந்தனம்டி. தொடச்சா போயிடும்."

துடைத்தாள். மையும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா சந்தனத்துல அட்டெஸ்டேஷன் போட்டிருக்காருடி, கெஜட்டட் ஆபீசரு" என்றாள். மகளுக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வடக்குத்து பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர்காரரை எழுப்பி வேறு பிரதி எடுத்துக்கொண்டுதான் குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினோம்.

எந்தத் துறைத் தேர்வு, எந்தப் பள்ளி என்று இங்கே வேண்டாம். இளநிலை எழுத்தர் வேலை. அந்த வேலைக்கு வயது வரம்பு உண்டு. மகளுக்கு அது முடிகிற வருடம். இனி அந்தத் தேர்வுக்கு அவளால் விண்ணப்பிக்க முடியாது.

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பக்கத்தில் மனிதர்கள் இரண்டு வகை. பர்மனன்ட், கான்ட்ராக்ட். பெண் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி அதுதான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், கான்ட்ராக்ட்டாகவே காலம் ஓடிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. என் மகளாவது பர்மனன்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டவுன்ஷிப்பில் இருக்கிற சிவன் கோயிலில், குறையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மணி அடிக்கிற வழக்கம் உண்டு. அதில் நானும் எழுதிப் போட்டேன். "இந்த முறையாவது என் பிள்ளைக்கு வேலை கொடு." அவ்வளவுதான் எழுதினேன். மணியை மட்டும் கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.

முன்பு எழுதிய தேர்வுகளில் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதது ஒரு துக்கம் என்றால், அதற்குப் பிறகு வருவது இன்னொரு துக்கம். ஒவ்வொரு முறை முடிவு வந்த பிறகும் போனில் எதையாவது அனுப்பிவிடுவார்கள். அங்கே கேள்வித்தாள் வெளியே வந்துவிட்டதாம், இங்கே ஆளை மாற்றி உட்கார வைத்தார்களாம் என்று. உண்மையா பொய்யா, யாருக்குத் தெரியும்? ஷிப்டு பஸ்ஸில் என் கூட வருகிறவர் ஒருவர் சொல்லுவார், "படிச்சி மட்டும் வேலைக்குப் போனவன் ஒருத்தனக் காட்டு. யாரையாவது புடிக்கணும்யா. நீ சாமியப் புடிச்சிக்கினு கெடக்கிற." மகள் மூலையில் உட்கார்ந்து, தான் எழுதிய பதில்களை மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டிருப்பாள். தான் சரியாகப் படிக்கவில்லையா, இல்லை யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்களா, அவளுக்குத் தெரியாது. தன் மேல் கோபப்படுவதா ஊர் மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது பெற்றவர்களுக்குக் கஷ்டம்.

குறிஞ்சிப்பாடியில் அந்தப் பள்ளி வாசலில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, பெற்றவர்கள் எல்லாம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். வளையமாதேவிப் பக்கம், கூலி வேலை. அவருடைய மகளும் உள்ளே போயிருந்தாள். என் மகளைவிட சின்னவள், மெலிந்த பெண்.

"நெலம் இருந்தவங்களாவது சுரங்கத்துக்கு நெலத்த எடுத்தப்ப, எங்களுக்கு வேலை குடுன்னு கேட்டாங்கண்ணே. நாங்க அவங்க நெலத்துல வேலை செஞ்சவங்க. நெலமும் போச்சி, அதுல செஞ்ச வேலையும் போச்சி. எதக் காட்டி கேக்கறது? இந்தப் பொண்ணு படிப்பு ஒண்ணுதான் எங்கூட்டு சொத்து" என்றார்.

"ஒம் பொண்ணுக்குக் கெடைக்கும்மா" என்றேன்.

"ஒங்க பொண்ணுக்கும் கெடைக்கும்ண்ணே" என்றார். இரண்டு பேரும் மனசாரத்தான் சொன்னோம்.

மணி அடித்தது. அதன் பிறகு உள்ளே நடந்தது எல்லாம் மகள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தேர்வு அறைகளில் ஒரு முறை உண்டு. கேள்வித்தாள் கட்டை ஒட்டி, முத்திரை போட்ட உறையில் கொண்டுவருவார்கள். அதைப் பிரிக்கும் முன், எழுத வந்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, "முத்திரை கலையாமல் இருந்தது" என்ற இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வெளியே யாரும் முன்கூட்டிப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அந்த இரண்டு பேர்தான் சாட்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரத்தில் யாருக்குப் பார்க்கப் பொறுமை? நீட்டின இடத்தில் போட்டுவிட்டுப் போய் உட்காருவார்கள்.

அந்த அறையின் கண்காணிப்பாளர் ஒரு வாத்தியார், நல்ல மனிதர். முன் வரிசையில் இருந்த என் மகளையும் அந்த வளையமாதேவிப் பக்கத்துப் பெண்ணையும் கூப்பிட்டார். அந்தப் பெண் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் மகள் உறையைக் கையில் வாங்கித் திருப்பினாள். மூடி ஒட்டியிருந்த காகித முத்திரையின் மேல் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சந்தனத்தைத் தண்ணீர் அதிகமாகக் குழைத்திருக்கிறார்கள். காகிதம் ஊறி, ஒரு பக்கம் எழும்பி நின்றது. விரலை விட்டால் உள்ளே போகும்.

"சார், முத்திரை எழும்பியிருக்கு."

வாத்தியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சந்தனம்மா. பூஜை பண்ணியிருக்காங்க. ஈரத்துல எழும்பியிருக்கு. உள்ள ஒண்ணும் ஆகியிருக்காது."

"நானும் அப்பிடித்தான் நெனைக்கிறேன் சார். ஆனா கலையாம இருந்திச்சின்னு எப்பிடிக் கையெழுத்துப் போடறது? கலைஞ்சிருக்கே."

பின்னாலிருந்து ஒருத்தன், "சாமி பொட்டுக்கெல்லாம் சந்தேகப்படறாங்கப்பா. போட்டுட்டு ஒக்காருங்கக்கா, நேரமாவுது" என்றானாம். ஒருத்தி, "தான் படிக்கல, அதான் நிறுத்தப் பாக்கறா" என்றாளாம். கையெழுத்துப் போட்ட அந்தப் பெண் என் மகளின் முழங்கையைப் பிடித்து, "அக்கா, ஒங்களக் கும்பிடறேன். ரூமையே கேன்சல் பண்ணிடுவாங்கக்கா" என்றிருக்கிறாள்.

என் மகள் உறையை வாத்தியாரிடம் நீட்டியிருக்கிறாள். அவள் வாத்தியாரிடம் சொன்னது: "சார், எனக்கு இதான் கடைசி. இதுக்கப்புறம் வயசு கெடையாது. கேன்சல் ஆனா எல்லாரையும்விட நஷ்டம் எனக்குத்தான். ஆனா இதுல நான் தோத்தா, எதுனால தோத்தேன்னாவது எனக்குத் தெரியணும் சார்."

வாத்தியார் உறையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, முதன்மைக் கண்காணிப்பாளருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து பார்த்தார். அந்தக் கட்டை அப்படியே இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, உபரியாக வந்திருந்த கட்டிலிருந்து வேறு உறையைக் கொண்டுவரச் சொன்னார். அதில் பொட்டு எதுவும் இல்லை. என் மகள் நாலு பக்கமும் பார்த்தாள். அந்தப் பெண்ணும் இந்த முறை பார்த்தாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போன நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

வெளியே எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. மற்ற அறைப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள், என் மகளைக் காணோம். அந்த அம்மாவின் மகளையும் காணோம். ஒரு வழியாக வந்தார்கள். வரும்போதே அந்தப் பெண் அழுதுகொண்டு வந்தாள்.

"ரிப்போர்ட் எழுதிட்டாங்கம்மா. எங்க ரூம எடுத்துக்க மாட்டாங்களாம், பேசிக்கினாங்க. எல்லாம் இந்த அக்காவால!"

அந்த அம்மா என் மகளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பஸ்ஸில் மகள் நடந்ததைச் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஊருக்கெல்லாம் நாயம் பேசணுமா நீ? கடைசி தடவ..." என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் நான் பொட்டு வைத்துக் கெடுத்த ஹால் டிக்கெட் அவள் பைக்குள் மடித்துக் கிடந்தது, ஓரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். பங்குனி உத்திரத்துக்கு எங்களோடு காவடி எடுக்கிறவர், என்னைவிட இளையவர். அந்தப் பள்ளியில் அலுவலக உதவியாளர். அவருக்கும் வேலை நிரந்தரம் ஆகவில்லை, தொகுப்பூதியம்தான். வந்தவர் உட்காரவே இல்லை.

"அண்ணே, அந்தப் பொட்ட வெச்சது நான்தாண்ணே."

எனக்குச் சுருக்கென்றது.

"தெனமும் எட்மாஸ்டர் ரூம்ல படத்துக்கெல்லாம் நான்தான் பூஜை போடுவேன். கட்டெல்லாம் அந்த மேசை மேலதான் இருந்திச்சி. எத்தினி புள்ளைங்க தலையெழுத்து இதுக்குள்ள இருக்குன்னு தோணிச்சி. எல்லாரும் நல்லா எழுதணும்னு வேண்டிக்கினு மேல இருந்த ஒண்ணுக்கு வெச்சேன். கெட்டது நெனைக்கலண்ணே. இப்ப விசாரணை வருதாம். எவன் பிரிச்சான்னு கேப்பாங்க. பொண்ண, ஒட்டு முன்னாடியே சரியில்லன்னு மட்டும் சொல்லச் சொல்லுண்ணே. சந்தனத்தப் பத்தி பேச வேணாம்."

என் மனைவி மோரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டே நின்றார். நான் மகளைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. கூடக் காவடி எடுத்த மனிதர். அவர் செய்தது பாவமா? நான் காலையில் செய்ததையேதான் அவரும் செய்திருக்கிறார்.

மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "சித்தப்பா, மொதல்ல மோரக் குடிங்க. நீங்க சந்தனத்த மறைச்சாதான் வம்பு. ஒட்டு சும்மாவே எழும்பியிருந்திச்சின்னு நான் சொன்னா, அப்ப யாரோ கைய வெச்சிருக்காங்கன்னுதானே நெனைப்பாங்க? கட்டு இருந்த ரூம்ல நீங்கதான் இருந்தீங்க. சந்தனம்னு சொன்னாதான் அது தெரியாம செஞ்சது. நான் பாத்தத அப்பிடியே சொல்லிடுவேன். ஆனா எனக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க."

"என்னை நம்புவாங்களாம்மா?"

"எங்கப்பாவ நம்பலியா நானு? காலையில ஹால் டிக்கெட்டுக்கே பொட்டு வெச்சாரு மனுஷன். எடுத்தாந்து காட்டட்டுமா?"

காட்டினாள். பார் கோடு இழுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஜெயில்ல போடுவாங்கண்ணே" என்றார். பிறகுதான் மோரைக் குடித்தார்.

விசாரணைக்கு ஒரு அம்மா வந்திருந்தார், பெரிய அதிகாரி. நான் மகளுக்குத் துணையாகப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. உதவியாளர் தானாகவே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த அதிகாரி ஓரமாக வைத்திருந்த உறையை எடுத்துப் பார்த்தார். உள்ளே தாள்களை எண்ணினார்கள், சரியாக இருந்தது. காய்ந்த சந்தனம் மேசையில் உதிர்ந்தது. அந்த அதிகாரி அம்மாவின் நெற்றியிலும் குங்குமம் இருந்தது.

"சாமி மேல எனக்கும் பக்தி உண்டுங்க" என்று அவர் உதவியாளரிடம் சொன்னார். "ஆனா இந்தக் கட்டு இருக்கற எடத்துக்குள்ள யாரும் போகக் கூடாதுங்கறதுதான் முறை. நீங்க நல்ல மனசோட போனீங்க. நாளைக்கு வேற மனசோட ஒருத்தர் போவாரு. நான் எந்த மனசுன்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாது, கதவத்தான் பூட்ட முடியும்."

உதவியாளரை எழுத்தில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேலை போகவில்லை. இனிமேல் கட்டு வைக்கிற அறை வேறு, பூஜை போடுகிற அறை வேறு என்று உத்தரவு போட்டார்கள். வேறு கட்டைக் கொடுத்துத் தேர்வு நடத்தியதால் அந்த அறையின் தேர்வு செல்லும் என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அந்த அதிகாரி மகளைப் பார்த்து, "எல்லாரும் திட்டினாங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றாள். "கையெழுத்து வாங்கற எடம் அதுக்குத்தான் இருக்கு. ஆனா பாத்துட்டுப் போட்ட ஆள நான் இப்பதான் பாக்கறேன்" என்றார்.

முடிவு வந்தது. என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் முதலில் அழுதேன். மனைவி பூஜை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மாதிரி பதில்களை எடுத்துச் சரிபார்ப்பாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"கணக்குலதாம்ப்பா போச்சி" என்றாள். "கடைசிப் பக்கம் எனக்கு வரல. அப்பவே தெரியும். யார் மேலயும் சந்தேகம் இல்ல எனக்கு."

அன்று அவள் சாப்பிட்டாள். நேரத்துக்குத் தூங்கினாள். முன்பெல்லாம் முடிவு வந்த நாளில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் பெட்டியில் எழுதிப் போட்டதைச் சாமி கொடுக்கவில்லைதான். வேறு என்னவோ கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தும் நெஞ்சு ஆறவில்லை. பொய் சொல்லக் கூடாது.

கொஞ்ச நாள் கழித்து வாசலில் அந்த வளையமாதேவிப் பக்கத்து அம்மா நின்றார். பள்ளியில் விசாரித்து, எங்கள் காவடிக்காரரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். அவருடைய மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல வந்தவர் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்கண்ணே. யாரப் புடிச்சீங்க, எங்கருந்து பணம் வந்திச்சின்னு கேக்கறாங்க. அந்த ரூம்ல என்னமோ தகராறாமே, கட்டப் பிரிச்சிட்டாங்களாமேன்னு ஒருத்தன் கெளப்பி வுட்டுட்டான். வேலை கெடைச்ச பொண்ணு வூட்ட வுட்டு வெளிய வராம அழுவுது. ஒங்க பொண்ணு வந்து ஒரு வார்த்த சொல்லணும். கேக்கறதுக்கு எனக்கு மொகம் இல்ல. அன்னிக்கி ஒரு வார்த்தகூடப் பேசாம போயிட்டேன்."

என் மனைவிக்கு விருப்பமில்லை. "எம் பொண்ணுக்குக் கெடைக்கல, அவ வந்து ஒங்க பொண்ணுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டேவிட்டாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கேட்டதும் தப்பில்லை.

மகள் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா அப்பா, போய்ட்டு வரலாம்" என்றாள்.

அவர்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். மகள் நேராக அங்கேயே போய் நின்று சொன்னாள். "நான் அந்த ரூம்லதான் பரீட்சை எழுதினேன். ஒரு கட்டுல ஒட்டு கலைஞ்சிருந்திச்சி. நான்தான் வேணாம்னேன். அதத் தொடவே இல்ல. வேற கட்டு வந்திச்சி. நானும் இந்தம்மா பொண்ணும் பாத்து, எங்க கண்ணு முன்னாடிதான் பிரிச்சாங்க. அவ படிச்சி எழுதினா. கெடைச்சிருக்கு."

தொட்டி மேல் சாய்ந்திருந்த ஒருவர், "ஒனக்குக் கெடைச்சிச்சாம்மா?" என்றார்.

"இல்லீங்க."

"ஒனக்கே கெடைக்கல. நீ வந்து அவளுக்கு சாட்சி சொல்றியா?" என்று சிரித்தார்.

"எனக்குக் கெடைச்சிருந்தா நான் சொல்றத நம்புவீங்களாங்க?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பக்கத்தில் குடம் வைத்திருந்த ஒரு பெண், "அது சரி" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள். எல்லோரும் நம்பினார்களா, எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். என் மகளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முழங்கையைப் பிடித்த அதே பிடிதான். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் வேலை உத்தரவை எடுத்துக் காட்டினாள். என் மகள் அதைக் கையில் வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்குள் அந்த அம்மா சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து, உத்தரவுக் காகிதத்தின் மேல் வைக்க விரலை நீட்டினார்.

"வேணாம்மா!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்த அம்மா பயந்துபோய் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என்ன தப்புச் செய்தோம் என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. "காயிதத்துக்கு வேணாம்மா, புள்ளைங்களுக்கு வெச்சி வுடு" என்றேன்.

விரலில் குங்குமம் அப்படியே இருந்தது. அவர் முதலில் என் மகளின் நெற்றியில்தான் வைத்தார்.